பாலத்தடிச் சிரிப்புக்காரன்

நேற்று ரானுயி மீன் சிப்ஸ் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர் வினிகர் கேட்டார், அக்கா. இங்கே யார் சிப்ஸுக்கு வினிகர் கேட்கிறார்கள்? எல்லோருக்கும் தக்காளி சோஸ்தான். கடைக்காரி கீழ்த்தட்டில் தேடி ஒரு போத்தலை எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தாள். அவர் சூட்டோடு சூடாக ஊற்றினார். அந்தப் புளித்த ஆவி மூக்கில் ஏறியதும் நான் என் பொட்டலத்தை வாங்காமலே வெளியே வந்து காருக்குள் இருந்துவிட்டேன். வினிகருக்குக் கண் கலங்கத்தானே செய்யும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல இருக்கிறது. "உன்ர வாயில வாறதெல்லாம் பகிடி எண்டுதான் நான் எடுக்கிறது" என்பீர்களே, இதை அப்படி எடுக்காதீர்கள். இரண்டரை வருடத்துக்கு முன் லண்டனில் கலியாணத்துக்குப் போய்விட்டு வந்து, உங்கள் ஊரை இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேனே. நான் அந்த ஊருக்குப் போகவே இல்லை. யாரும் அதை இடிக்கவும் இல்லை.

முதலில் இருந்தே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு நடுவில் இருந்து தொடங்கத் தெரியாது.

ரானுயியில் நான் காரை எடுத்து, ஏவன்டேலில் உங்களையும் செல்வியையும் ஏற்றிக்கொண்டு, நாங்கள் வேலை செய்கிற ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுஸுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம். மோட்டர்வேயில் யாராவது முட்டி வைத்தால் ஒன்றரை. முன்சீட் உங்களுக்கு. பின்சீட்டில் கோயம்புத்தூர்ச் செல்வி, மடியில் இட்லி டப்பாவோடு. அந்தப் பயணத்தில் நீங்கள் கதைத்ததெல்லாம் ஒரே ஊரைப் பற்றித்தான். இங்கிலாந்துக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் பிழையாகத்தான் எழுதுவேன். நான் வைத்த 'அரைக்கடல்' என்ற பெயரே போதும். அந்த ஊர்க் கடல் பாதி நாள் ஊரில் நிற்காது. வற்றினால் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். வந்த சனம் கதிரை போட்டு இருந்து சேற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

"கடல் இல்லாத கடற்கரைக்கு ஆரக்கா வாறது?"

"எல்லாரும் வந்தவை. நீ மூடிக்கொண்டு ரோட்டைப் பார்."

முதலில் அது மீன் பிடித்து மட்டி பொறுக்குகிற சின்னக் குடியிருப்பு. கடல்நீர் குடித்தால் வருத்தம் மாறும் என்று யாரோ ஒரு வைத்தியர் சொல்ல, பணக்காரர் வண்டி கட்டி வந்து குடித்தார்கள். "சத்தி எடுத்திருப்பினமே?" என்றேன். "அதுதான் மருந்து" என்றீர்கள். பெண்கள் சில்லு வைத்த மரப்பெட்டிக்குள் ஏறி உடுப்பு மாற்ற, குதிரை அந்தப் பெட்டியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் கண்ணிலும் படாமல் அங்கே இறங்கிக் குளிப்பார்கள். பிறகு ரெயின் வந்தது. தூரத்து நெசவாலைகளை வருடத்தில் ஒரு கிழமை பூட்டும்போது, ஒரு தெருச் சனம் முழுக்க ஒன்றாகக் கிளம்பி வரும். ஊரில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இங்கே பக்கத்து அறையில் படுப்பார்கள்.

"அப்புறம் எதுக்குக்கா ஊரை விட்டு வந்தாங்க?" என்று செல்வி கேட்டாள்.

"காத்து மாறத்தான்" என்றீர்கள்.

பக்கத்து ஊர்க்காரன் கடலுக்குள் பாலம் கட்டினான் என்று இவர்களும் ஒன்று கட்டினார்கள். அக்கரைக்குப் போகாத பாலம். கடலுக்குள் கொஞ்சத் தூரம் நீண்டு போய் நின்றுவிடும். சனம் அதன் முனைவரை நடந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். சண்டைக் காலத்தில் எதிரி அதில் இறங்கி நடந்து வந்துவிடுவான் என்று நடுவில் வெட்டிவிட்டார்கள். சண்டை முடிந்ததும் திரும்ப ஒட்டினார்கள். "வெட்டினதைத் தாங்களே ஒட்டினவங்கள் எண்டா நல்ல சனம்தானே" என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு மட்டும் நான் பகிடி விடவில்லை.

பிறகு விமானம் மலிந்தது. சனம் வெயில் உள்ள நாட்டுக் கடலுக்குப் பறந்தது. தங்கும் வீடுகள் வெறிச்சோடிப் போயின. அந்த அறைகளில் அரசாங்கம் போக்கிடம் இல்லாதவர்களைக் கொண்டுவந்து விட்டது. அப்படித்தான் ஒரு நவம்பர் மழையில், மனிசனைப் பறிகொடுத்து, ஆறு வயது வதனியை யாழ்ப்பாணத்தில் அவளுடைய மாமியிடம் விட்டுவிட்டு, நீங்கள் அங்கே போய் இறங்கினீர்கள்.

அந்த வீட்டுச் சொந்தக்காரியை நீங்கள் 'மிஸிஸ்' என்றுதான் சொல்வீர்கள். உங்கள் அறைக் கதவில் பழைய பலகை ஒன்று தொங்கியது. விருந்தாளிகள் காலை பத்து மணிக்கு வெளியே போக வேண்டும், பின்னேரம் ஐந்துக்கு முதல் திரும்பக் கூடாது. சனம் நிரம்பி வழிந்த காலத்துச் சட்டம். கழற்ற மறந்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் அரைகுறையாக விளங்கப்படுத்த, நீங்கள் நாள் தவறாமல் பத்துக்கு வெளிக்கிட்டீர்கள். மழையோ பனியோ, ஐந்து மணிவரை கடற்கரைத் தெருவில் நடை. உட்காரும் வாங்குகள் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு வாங்கிலும் ஒரு பெயர் பித்தளையில் அடித்திருந்ததாம். செத்தவர்களின் நினைவாக வைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரி, இது உபயகாரர் குடும்பத்துக்கு ஒதுக்கின இடம் என்று நினைத்துவிட்டீர்கள்.

"ஒரு மாசம் நிண்டனியளோ?"

"இருபத்திரண்டு நாள். சொந்தக்காரர் வந்து எழும்பச் சொன்னா எந்த முகத்தோட எழும்புறது?"

மிஸிஸ் என்ன நினைத்தா? வந்தவளுக்குக் கடல் என்றால் உயிர் என்று இறைச்சிக் கடை வரைக்கும் சொல்லித் திரிந்திருக்கிறா. ஆலங்கட்டி மழை பெய்த ஒருநாள் உங்களை ரோட்டில் கண்டு இழுத்து வந்து அடுப்படியில் இருத்தினா. காரணம் விளங்கியதும் மாடிக்கு ஏறிப்போய் ஆணியோடு அந்தப் பலகையைப் பிடுங்கினா. அந்த அடுப்படியில்தான் பிறகு பதினெட்டு வருடம் சமைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் வதனியோடு இருக்க இந்த நாட்டுக்கு வந்தீர்கள்.

அந்த ஊர்ப் பழக்கம் உங்களை விடவில்லை. சிப்ஸ் வாங்கினால் வினிகர்தான் கேட்பீர்கள். சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது காரைக் கடற்கரைக்கு விடச் சொல்வீர்கள். மழை தூறும். கடலைப் பார்த்தபடி காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தருவீர்கள். இறங்க மாட்டீர்கள். அங்கே எல்லோரும் அப்படித்தானாம். "கடலைப் பாக்க வந்து காருக்குள்ள குந்தியிருக்கிற சனத்தை இப்பதான் காணுறன்" என்றால், "இறங்கினா நனைவாய், இருந்தா பாப்பாய்" என்பீர்கள்.

இனித்தான் அந்தச் சிரிப்புக்காரன் வருகிறான்.

பாலத்தடியில், விளையாட்டு மெஷின் கடை வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளுயர மாலுமிப் பொம்மை. காசு போட்டால் தோளும் வயிறும் குலுங்க விழுந்து விழுந்து சிரிக்கும். உள்ளே சுற்றுகிற தட்டில் கீறல் விழுந்து, சிரிப்பு நடுவில் ஒருதரம் விக்கும். மிஸிஸ் வீட்டுப் போனுக்குப் பூட்டு. வெளிநாட்டுக்குக் கதைக்கிற போன் பெட்டி அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் வதனியை மாமி போன் கடைக்குக் கூட்டிவருவா. நீங்கள் அந்தப் பெட்டிக்குள் நின்று மகளோடு கதைப்பீர்கள். யாராவது பிள்ளைகள் காசு போட, அவன் சிரிப்பான். இதைச் சொல்லும்போது நீங்களும் அவனைப் போலவே குலுங்கி, நடுவில் விக்கியும் காட்டுவீர்கள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? அன்று தொடங்கியது. திங்கட்கிழமை காரில் ஏறியதும் "அக்கான்ர ஆள் சுகமோ? நேற்றுக் கதைச்சவரோ?" என்று கேட்பேன். செல்வி சிரித்துப் புரைக்கேறுவாள். "போடி வாயாடி" என்பீர்கள். ஒருநாளும் கோபித்ததில்லை. வதனிக்கு அந்த ஊர்க் கதையே பிடிக்காது, வீட்டில் வாய் திறக்க முடியாது என்று நீங்கள் ஒருதரம் சொன்னீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பகிடிதான் கேட்கத் தெரியும்.

நான் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது ஒரு பார்சல் தந்தீர்கள். மிஸிஸுக்கு நீங்கள் வறுத்து இடித்த கறித்தூள். பதினெட்டு வருடம் சாப்பிட்டுப் பழகின நாக்கு என்றீர்கள்.

"அடுத்த வருசம் வதனியைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். வீடு நிக்கிறதோ, அவன் நிக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு வா. அவன்ர சிரிப்பைப் போனில பிடிச்சுக்கொண்டு வந்தியெண்டா இன்னும் நல்லம்."

"அவரிட்ட என்ன சொல்ல? அக்கா இன்னும் மறக்கேல்லை எண்டோ?"

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ரோட்டைப் பார்க்கிற சாட்டில் நான் அதைக் கவனிக்கவில்லை.

லண்டனில் இரண்டு கிழமை. தினம் ஒரு வீட்டில் சாப்பாடு. கடைசி வியாழக்கிழமையை உங்களுக்கென்று வைத்திருந்தேன், சத்தியமாக. ரெயினில் இரண்டு மணித்தியாலம், அவ்வளவுதான். சப்பாத்துப் போட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். மச்சாள் மறித்தாள். "உனக்கென்ன விசரே? இந்த மழைக்குள்ள ஆரோ கட்டின பாலத்தைப் பாக்கவோ போறாய்? சாறிக் கடையில மலிவு விற்பனை போகுது, வா." போனேன். மூன்று சேலை வாங்கினேன். சூட்கேஸ் பாரம் கூடிவிட்டது என்று உங்கள் கறித்தூளை மச்சாள் வீட்டில் இறக்கி வைத்தேன். அந்தத் தூளில் மீன்குழம்பு வைத்தாளாம். நல்ல தூளாம். வாங்கின சேலைகளில் வெளிறின நிறத்தில் இருந்ததைத்தான் உங்கள் செத்தவீட்டுக்கு உடுத்தி வந்தேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமை, நீங்கள் பெல்ட் கூடப் போடவில்லை. "பாத்தனியோ?" என்றீர்கள்.

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏசியிருப்பீர்கள், ஏவன்டேல் சந்தையில் ஒரு மீன் வாங்கித் தந்தால் மறந்திருப்பீர்கள். ஆனால் தூளுக்கு என்ன சொல்ல? பார்க்காத ஊரைப் பற்றிச் சொல்வதற்குச் சுகமான பொய், அது இல்லை என்பதுதான். இருக்கிறது என்றால் யன்னலுக்கு என்ன நிறம், மிஸிஸ் நடக்கிறாவோ என்று கேள்வி வரும். இல்லை என்றால் கேள்வியும் இல்லை.

"எல்லாத்தையும் இடிச்சுப்போட்டாங்கள் அக்கா. வீடும் இல்லை, பாலமும் இல்லை. பெரிய பெரிய மாடி கட்டுறாங்கள். தூளை மச்சாளிட்டக் குடுத்திட்டன்."

விமான நிலையப் பலகை வந்தபோதுதான் பெல்ட்டைப் போட்டீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்.

"அந்தப் பொம்மையை என்ன செய்தாங்களாம்?"

"ஆரக்கா அதைக் கவனிச்சவை."

"மிஸிஸ்?"

"விசாரிக்க ஒரு சனமும் இல்லை."

"ஐயோ பாவம்கா" என்றாள் பின்னால் இருந்து செல்வி. "நெட்ல பழைய போட்டோவாச்சும் இருக்கும். தேடிப் பார்க்கட்டுமா?"

நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள். "வேண்டாம் பிள்ளை. இடிச்ச படம்தான் வரும். எனக்குள்ள நிக்கிறது அப்பிடியே நிக்கட்டும்."

அதோடு அந்த ஊர் காரை விட்டு இறங்கிவிட்டது. அடுத்த வருடப் பயணக் கதையும் நின்றது. நான் ரேடியோவைப் போட்டேன். ஒவ்வொரு திங்களும் சொல்லிவிட நினைப்பேன். ஒரு சனிக்கிழமை மழைக்குள் கடலைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கும்போது "அக்கா, ஒரு விசயம்" என்று தொடங்கியும் விட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றேன். ஒரு கரண்டி போட்டுக் கலக்கித் தந்தீர்கள். அதைக் குடித்தேன்.

பதினைந்து மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் உங்கள் வாசலில் ஹோர்ன் அடித்தேன். வதனிதான் வெளியே வந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று உங்கள் வீட்டில் சமையல் ஒதுக்கிக்கொண்டு நின்றபோது அவள் என்னிடம் கேட்டாள்.

"அன்ரி, அம்மா எப்பவாவது அங்க ஒரு ஆம்பிளையைப் பற்றிச் சொன்னவாவோ?"

"எந்த ஆம்பிளை?"

"சின்னனில போனில கேக்கும். அம்மா கதைக்கேக்க பக்கத்தில ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒவ்வொரு ஞாயிறும். நடுவில விக்கும். மாமி சொல்லுவா, உன்ர அம்மா அங்க ஒருத்தனோட சந்தோசமாய் இருக்கிறா, அதுதான் வாறா இல்லை எண்டு. கடையில நிண்ட சனம் எல்லாம் அதைக் கேட்டுச் சிரிக்கும். இஞ்ச வந்தாப் பிறகு அம்மாட்டக் கேட்டன். பொம்மை எண்டா. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன் எண்டா. பிறகு ஒருநாள் வந்து, ஊரையே இடிச்சாச்சாம் எண்டா." அவள் கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "பொம்மையும் இல்லையாம், ஊரும் இல்லையாம். நான் சின்னப்பிள்ளையோ அன்ரி? ஆளை விரும்பினன் எண்டு சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பனோ?"

நீங்கள் யன்னல் பக்கம் ஏன் திரும்பினீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் திங்கட்கிழமைதோறும் கேட்டதும், அந்தப் போன் கடையில் சனம் சிரித்ததும் ஒரே பகிடி. நீங்கள் அதற்குச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

பதில் எனக்குத் தெரியும். "அம்மா அப்பிடி ஆள் இல்லைப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன். செத்த உங்களைப் பொய்க்காரியாக அங்கே விட்டுவிட்டு வடை பரிமாறினேன், அக்கா.

பிறகும் எட்டு மாதம். ஒருநாள் ட்ராஃபிக்கில் நிற்கும்போது செல்வி போனை நீட்டினாள்.

"அக்கா, நம்ம அக்கா ஊரைச் சும்மா தேடினேன். இங்க பாருங்க, பாலம் அப்படியே இருக்கு. போன மாசம் எடுத்த போட்டோ. இடிச்சிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

அவள் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள்.

"நீங்க போகவே இல்லியா?"

"இல்லை."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கொஞ்சத் தூரம் போன பிறகு செல்வி, "அந்தப் பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா நாளைக்கு நான் இந்த வண்டில வரமாட்டேன்" என்றாள். என்னை விட இருபது வயது இளையவள்.

அன்று பின்னேரமே உங்கள் வீட்டு அடுப்படியில் நின்று சொன்னேன். சேலைக் கடை, கறித்தூள், எல்லாம். வதனி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். உங்கள் பேத்தி உள்ளே வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, "பிறகு" என்று அனுப்பினாள்.

"அம்மாக்கும் தெரியாது, என்ன?"

"தெரியாது பிள்ளை. நான் சொன்னதை நம்பித்தான் உன்னட்டச் சொன்னவா."

"நான் அம்மாவை நம்பேல்லை" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "கடைசி ஒரு வருசமும் நான் அவவோட நல்லாக் கதைக்கேல்லை. அவ ஏன் எண்டு கேக்கவும் இல்லை. நீங்கள் போங்கோ அன்ரி."

போனேன். அதன்பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. லீவு போட்டுத் தனியாக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறாள் என்று செல்விதான் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை வேர்ஹவுஸில் தேத்தண்ணி நேரம், அவளிடமிருந்து இரண்டு செய்தி வந்தது. முதலாவது எழுத்து. வீடு இருக்கிறது. மிஸிஸ் போன வருடம்தான் செத்தவவாம். நான் லண்டனில் சேலை பார்த்துக்கொண்டிருந்த அன்று, இரண்டு மணித்தியாலத் தூரத்தில் அவ இருந்திருக்கிறா.

இரண்டாவது குரல். போனைக் காதில் வைத்தேன். காற்று, கடற்பறவை. காசு விழுகிற சத்தம். பிறகு அவன். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான். நடுவில் விக்கினான். அந்த இடத்தில் உங்கள் மகள் "அம்மா" என்றாள், அவ்வளவுதான். அவன் சிரித்து முடிக்கும்வரை அவள் அழுதாள். பிறகு என்னோடு கதைத்தாள்.

"கேட்டியளோ அன்ரி? நீங்கள் அண்டைக்குப் போயிருந்தா, இதை நான் அம்மாவுக்குப் பக்கத்தில நிண்டு கேட்டிருப்பன்."

ஒரு சொல்லுக்கு நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற வாய் என்று உங்களுக்குத் தெரியும். "ஓம் பிள்ளை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவள் வாசித்த அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை, அக்கா. நீங்கள் பிடித்துக்கொண்டு வரச் சொன்ன சிரிப்பு இப்போது என் போனில் இருக்கிறது. இரண்டாம் தரம் அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.